ஐந்து கிளாஸும் ஒரு மூக்கும்

ஸ்ரீரங்கத்தில் காப்பிப் பொடிக் கடை வைத்திருக்கிறவன் மூக்கில்லாமல் பதினோரு மாதம் காலம் தள்ளினான் என்றால் யாராவது நம்புவார்களா? நான் தள்ளினேன். மூக்கு முகத்தில்தான் இருந்தது. கண்ணாடியைத் தாங்கியது, ஜலதோஷம் வந்தால் ஒழுகியது, கோபம் வந்தால் சிவந்தது. மணம் மட்டும் வரவில்லை. ஊரெல்லாம் வந்துபோன அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்து, பத்து நாள் படுக்கப் போட்டுவிட்டு, போகும்போது வாசனையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம்கூட. எப்படிச் சொல்வது? டிரைவருக்குக் கண் தெரியாது என்று தெரிந்தால் அந்த பஸ்ஸில் யார் ஏறுவார்கள்? இருபத்துநாலு வருஷமாகக் கொட்டை வறுத்து, பொடி அரைத்து, "மூக்குக்காரர் கடை" என்று பேர் வாங்கியிருந்தேன். அந்தப் பேர்தான் என் சொத்து. அது போய்விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

வாசனை போனதும் ஊரே கனவு மாதிரி ஆகிவிட்டது. கனவில் எல்லாம் தெரியும், எதுவும் மணக்காது, கவனித்திருக்கிறீர்களா? அப்படித்தான். காலையில் உத்தர வீதியில் நடந்தால் துளசியும் மல்லியும் கூடை கூடையாக இறங்கிக்கொண்டிருக்கும். பச்சை தெரியும், வெள்ளை தெரியும், அவ்வளவுதான். மழை பெய்யும், மண் பேசாமல் கிடக்கும். கோயிலில் தீர்த்தம் வாங்கிக் குடித்தால் பச்சைக் கற்பூரம் எங்கேயோ ஒளிந்துகொண்டு வெறும் குளிர்ந்த தண்ணீர் உள்ளே இறங்கும். ஆற்றில் தண்ணீர் வந்த அன்று அம்மா மண்டபத்துப் படித்துறையில் போய் உட்கார்ந்தேன். புதுத் தண்ணீர் சிவப்பாக, நுரையோடு, இலை தழையைச் சுழற்றிக்கொண்டு போயிற்று. சத்தத்தை நிறுத்திவிட்டு டிவி பார்த்த மாதிரி இருந்தது. அழுகை வந்தது, சொல்வதற்கென்ன.

அப்படியானால் கடையை எப்படி நடத்தினாய் என்பீர்கள். கண்ணாலும் காதாலும் நடத்தினேன். கொட்டை டிரம்மில் சுழலும்போது முதலில் மஞ்சளாகும், அப்புறம் மரப்பட்டை நிறம், அப்புறம் படபடவென்று வெடிக்கும். வெடி அடங்குகிற சமயம் பார்த்து இறக்க வேண்டும். அந்தக் கடைசி அரை நிமிஷம் மூக்கின் வேலை. மூக்குதான் இல்லையே, அதனால் மனதுக்குள் எண்ணினேன். எண்ணி முடித்ததும், பச்சையாக நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, இன்னும் கொஞ்சம் எண்ணி இறக்கினேன். பதினோரு மாதத்தில் ஒரு வாடிக்கைக்காரர்கூடக் குறையவில்லை. ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. மூக்கு மூக்கு என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினோமே, அத்தனையும் வெறும் பம்மாத்துதானா என்றுகூட நினைத்தேன். ஆனாலும் என்றைக்காவது ஒருத்தர் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பார், அன்றோடு கடைக்கு மூடுவிழாதான் என்ற பயம் வயிற்றில் கல்லாகக் கிடந்தது.

இப்படி இருக்கும்போதுதான் என் சிநேகிதன் போன் பண்ணினான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சுக்காரன். அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். என் கடைப் பொடியை ஒரு நாளும் வாங்கியதில்லை, டீ மட்டும் குடிக்கிறவன்.

"டேய் சாமி, சனிக்கிழமை சும்மாதானே இருக்க?"

"ஏன்?"

"ஹோட்டல்ல சிங்கிள் மால்ட் விஸ்கி திருவிழாவாம். அஞ்சு விதம் ஊத்திக் குடுப்பாங்களாம். மோந்து பாத்து, நாக்குல வச்சுப் பாத்து, இதுல இன்ன வாசனை இருக்கு, அதுல இன்ன வாசனை இருக்குன்னு சொல்லணுமாம். கம்பெனிக்காரர் ஒருத்தர் ரெண்டு பாஸ் குடுத்திருக்காரு. எனக்கு எல்லாமே ஒரே எரிச்சல்தான்டா. உன் மூக்கு இல்லாம நான் போனா மானம் போயிடும்."

"டேய், நான் ஸ்ரீரங்கத்துக்காரன்டா."

"அதுக்கென்ன, பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்கு. ஏறி வா."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வது? "ஆத்துல கேட்டுச் சொல்றேன்" என்று நழுவினேன். பெண்டாட்டி ஆடித் தீர்த்துவிடுவாள், அதைச் சாக்காக வைத்துத் தப்பித்துக்கொள்ளலாம் என்று கணக்கு. பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கினாலே ஜன்னலைச் சாத்துகிறவள் அவள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் ஒரு தண்டை ஒடித்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"மோந்து பாக்கறதுதானே? போயிட்டு வாங்கோ."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "விஸ்கிடி" என்றேன்.

"காதுல விழுந்தது. குடிக்காதேங்கோ. மோந்து மட்டும் பாருங்கோ. நன்னா இழுத்து மோந்து பாருங்கோ" என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பிவிட்டாள். இருபத்தாறு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணியும் அவள் எப்போது எந்தப் பக்கம் திரும்புவாள் என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, கண்டோன்மென்ட் பக்கத்து ஹோட்டல் ஒன்றில், மாடியில் ஒரு பெரிய ஹாலில் போய் உட்கார்ந்தோம். வெளியே திருச்சி வெயில் இன்னும் அடங்கவில்லை. உள்ளே திரை போட்டு, மஞ்சள் விளக்கு ஏற்றி, ஏசியின் குளிரில் எல்லோரும் தண்ணீருக்கடியில் நடக்கிற மாதிரி மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மேஜையிலும் வெள்ளைத் துணி. ஒவ்வொருவர் முன்னாலும் அடி பெருத்து வாய் குறுகிய ஐந்து சின்னக் கிளாஸ்கள். வைக்கோல் நிறத்தில் ஒன்று, தேன் நிறத்தில் ஒன்று, கடைசியாக டீ டிகாக்ஷன் நிறத்தில் ஒன்று என்று வரிசையாக நின்றன. அவற்றின் வழியாக விளக்கு வெளிச்சம் துணியில் விழுந்து ஆடியது. சும்மா சொல்லக்கூடாது, அழகாக இருந்தது. எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது. பார்க்க மட்டும்தானே எனக்கு முடியும்.

எங்கள் மேஜையில் மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார். மருங்காபுரிப் பக்கம் கடலையும் சோளமும் போடுகிறவர், சலவை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. மகன் வெளிநாட்டிலிருந்து பாஸ் ஏற்பாடு பண்ணி அனுப்பிவைத்தானாம்.

சொல்லிக்கொடுக்க வந்த அம்மாள் ஐம்பது வயதுக்காரர். நரைத்த கிராப்பு, கைத்தறிப் புடவை. விஸ்கி காய்ச்சுகிற தொழிலில் முப்பது வருஷம் இருந்தவர் என்று அறிமுகப்படுத்தினார்கள். ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்துக் காய்ச்சினால் அதுதான் சிங்கிள் மால்ட் என்று ஆரம்பித்தார்.

"பார்லின்னா, காய்ச்சலுக்குக் கஞ்சி வெப்பாங்களே, அதுங்களா?" என்று மருங்காபுரிக்காரர் கேட்டார்.

"அதேதாங்க."

"அட, இது தெரியாம கஞ்சியாவே குடிச்சுக்கிட்டிருந்தோமே" என்றார் அவர். ஹால் முழுக்கச் சிரித்தது.

காய்ச்சியதை ஓக் மரப் பீப்பாயில் ஊற்றி வருஷக்கணக்கில் தூங்க வைப்பார்களாம். நிறமும் மணமும் பாதிக்குமேல் அந்த மரம் கொடுப்பதுதானாம். தூங்கும்போதே வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாகப் போய்விடுமாம். "அந்த ஊர்ல அதைத் தேவதைங்க குடிச்சுட்டுப் போயிட்டதாச் சொல்லுவாங்க. நம்ம ஊர் வெயிலுக்கு இன்னும் நிறையப் போகும்" என்றார். நம்ம ஊர் தேவதைகளுக்குத் தாகம் ஜாஸ்தி என்று என் சிநேகிதன் முணுமுணுத்தான். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. மூடிய பீப்பாயிலிருந்து யாருக்கும் தெரியாமல் ஒன்று வெளியேறிக்கொண்டே இருக்கிறது, வெளியே நிற்கிறவனுக்குப் பீப்பாய் மட்டும்தான் தெரிகிறது. யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"நாக்கு அப்புறம். முதல்ல மூக்கு. அவசரமே இல்லை. வாயை லேசாத் திறந்து வெச்சுக்கிட்டு மெதுவா இழுங்க" என்றார் அந்த அம்மாள்.

எல்லோரும் முதல் கிளாஸைத் தூக்கிக் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன். ஒன்றுமில்லை. என் சிநேகிதன் சும்மா இருக்கக்கூடாதா? கையைத் தூக்கினான்.

"மேடம்! எங்க டேபிள்ல ஸ்ரீரங்கத்து மூக்கு உக்காந்திருக்கு. காப்பிக் கடைக்காரரு. அவரைக் கேளுங்க!"

அத்தனை தலையும் திரும்பியது. திருதிருவென்று விழித்தேன். கிளாஸைப் பார்த்தேன். வைக்கோல் நிறம். வேறு வழியில்லை, அந்த நிறத்தையே பிடித்துக்கொண்டு புருடா விட ஆரம்பித்தேன்.

"அறுவடை முடிஞ்ச வயல்" என்றேன். "சாயங்காலம். வைக்கோல் போருக்குப் பக்கத்துல நிக்கறேன். யாரோ எலுமிச்சம்பழத் தோலைக் கிள்ளிப் போட்டிருக்கா."

அந்த அம்மாள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "வைக்கோல், எலுமிச்சை. சார், இங்க அப்படியே எழுதியிருக்கு" என்றார். கைதட்டினார்கள்.

இரண்டாவது தேன் நிறம். வெல்லப் பாகு, அதில் போட்ட முற்றின தேங்காய், கொஞ்சம் ஏலக்காய் என்றேன். அதுவும் ஏறக்குறையச் சரியாகிப்போனது. மூன்றாவது சிவந்த நிறம். உலர்ந்த திராட்சை, பூட்டி வைத்த பீரோவைத் திறந்ததும் வருகிற பட்டுப்புடவை, அதன் மடிப்பில் ஒரு கிராம்பு என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே மயக்கமாக இருந்தது. பதினோரு மாதமாகப் பார்க்காத மனிதர்கள் ஒவ்வொருவராக வாசல் வரை வந்து நின்று சிரித்துவிட்டுப் போனார்கள். உள்ளே மட்டும் யாரும் வரவில்லை. பொய் சொல்கிறோம் என்ற குற்ற உணர்ச்சி துளிகூட இல்லை. ஏக்கம்தான் இருந்தது. என் சிநேகிதனோ, தானே விஸ்கியைக் காய்ச்சியவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தான். "பாத்தீங்களா, ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து என் ஃப்ரெண்டு!" அவன் முகத்தைப் பார்க்காமல் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மோந்து முடித்த கிளாஸ்களை அவனே வரிசையாகக் காலி பண்ணினான்.

மூன்றாவது முடிந்து பத்து நிமிஷம் இடைவேளை விட்டார்கள். சிநேகிதன் வேர்க்கடலை வாங்கப் போனான். அந்த அம்மாள் நாலாவது பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் மேஜைக்கு வந்து அவன் நாற்காலியில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. மூணு கிளாஸையும் மூக்குகிட்ட கொண்டுபோனீங்க. மூணுக்கும் மூச்சே இழுக்கலையே?"

கையும் களவுமாகப் பிடிபட்டேன். ஆனால் அவர் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. உண்மைதான், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் அப்பா கோயில் மடப்பள்ளியில் தளிகை பண்ணினவர். பெருமாள் கண்டருளுவதற்கு முன்னால் எதையும் நாக்கில் வைக்கக்கூடாது, அதைவிட முக்கியம் மோந்து பார்க்கக்கூடாது. வாசனையும் முதலில் அவருக்குத்தான். அப்பா மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டிக்கொண்டுதான் அடுப்பு முன்னால் நிற்பார். உப்பு, புளி எல்லாம் கண்ணளவுதான். வீட்டிலும் அதே சட்டம். பாத்திரத்தின் மேல் குனிந்து மூக்கை உறிஞ்சினால் அந்த ரசத்தை, எங்கள் பாஷையில் சாத்தமுதை, பெருமாளுக்கு வைக்க முடியாது, முதுகில் ஒன்று விழும். அதனால் எந்தப் பாத்திரத்தின் மேல் குனிந்தாலும் எங்களுக்கு மூச்சு தானாக நின்றுவிடும். காப்பி ஒன்றுதான் பெருமாளுக்குக் கிடையாது. அந்த வீட்டில் ஆசை தீர மோந்து பார்க்கக்கூடிய ஒரே பண்டம் அதுதான். நான் காப்பிப் பைத்தியமானதும் கடை வைத்ததும் வேறு எதனால் என்று நினைக்கிறீர்கள்?

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்தவன் மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். வாசனை போனதை, மறைத்ததை, எண்ணி எண்ணி வறுப்பதை, கடையை மூட வேண்டிவரும் என்று பயப்படுவதை. பெண்டாட்டியிடம் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருத்தரிடம் கொட்டிவிட்டேன். மருங்காபுரிக்காரர் அந்தப் பக்கம் திரும்பி பிஸ்கட்டை ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தார், நல்ல மனுஷன்.

"கடைசியா எப்ப இழுத்துப் பாத்தீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

யோசித்தேன். முதல் மாதம் எதையும் விட்டு வைக்கவில்லை. காப்பி, நெய், பெருங்காயம், மண்ணெண்ணெய்கூட. ஒவ்வொரு தடவையும் இல்லை இல்லை என்று தெரியத் தெரிய, படி இல்லாத இடத்தில் கால் வைத்த மாதிரி நெஞ்சு திடுக்கிடும். பிறகு எப்போது நிறுத்தினேன் என்று நினைவில்லை. டிரம் முன்னால் குனிந்தாலும் சின்ன வயசு மாதிரி மூச்சு நின்றுவிட ஆரம்பித்திருந்தது.

"அப்ப அது திரும்பி வந்திருந்தாக்கூட உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது சார். கதவைத் தட்டிப் பாத்துட்டுப் போயிருக்கும்" என்றார். பரிதாபப்படவில்லை. பாட்டிலைத் திறந்தார். "இது புகை விஸ்கி. சதுப்பு நிலத்து மண்ணை வெட்டிக் காய வெச்சு, அதை எரிச்ச புகையில பார்லியைக் காய வெப்பாங்க. இருக்கறதுலயே முரட்டு வாசனை. கையை நீட்டுங்க. ரெண்டு சொட்டு விடறேன், தேச்சுப் பாருங்க."

எதிரில் ஒருத்தர் பாத்திரத்தைச் சாய்க்கிறார், கையை நீட்டு என்கிறார். என் கைக்கு ஐம்பது வருஷமாகத் தெரிந்தது ஒன்றுதான். இடது கைமேல் வலது கையைக் குழித்து, தலையைச் சற்றுக் குனிந்து வாங்கினேன். சத்தம் வராமல் உறிஞ்சினேன். மிச்ச ஈரத்தைத் தலையில் தடவிக்கொண்டேன்.

தொண்டையில் நெருப்பு இறங்கியபோதுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

"டேய் சாமி!" கடலையோடு வந்துகொண்டிருந்த சிநேகிதன் அலறினான். "அது தீர்த்தம் இல்லடா!"

மருங்காபுரிக்காரர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பக்கத்து மேஜைகளும் சேர்ந்துகொண்டன. எனக்குக் காது வரை சூடேறியது. பெருமாளே, எவ்வளவு பெரிய அபசாரம், குடிக்காதேங்கோ என்று பெண்டாட்டி சொன்னதும் போச்சு, தலையில் வேறு தடவிக்கொண்டு நிற்கிறேன். அந்த அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் சார். இவ்வளவு மரியாதையா யாரும் வாங்கிக் குடிச்சதில்லை."

பிறகு மறுபடி இரண்டு சொட்டு விட்டு, இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்க்கச் சொன்னார். முகத்துக்குக் கொண்டுபோனேன். மூச்சு வழக்கம்போல நின்றது. "இழுங்க" என்றார். பயமாக இருந்தது. இழுத்தேன். குளிர்ந்த காற்றும் ஒரு எரிச்சலும் உள்ளே போயின. அதற்குமேல் ஒன்றுமில்லை.

"இல்லை" என்றேன்.

"பரவாயில்லை. நாளைக்கும் இழுங்க. தினம் இழுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நாலாவது, ஐந்தாவது கிளாஸுக்கு என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதபடி அவர்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வெளியே வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தலையில் தீர்த்தம் ஏறினவனைத் தனியாக விடமாட்டேன் என்று சிநேகிதனும் ஆட்டோவில் கூட ஏறிக்கொண்டான். ஐந்து கிளாஸோடு என்னுடையதையும் குடித்தவன் அவன், விழுந்தால் நான்தான் பிடிக்க வேண்டும். சத்திரம் பேருந்து நிலையத்தை ஹாரன் சத்தத்துக்கு நடுவே ஊர்ந்து தாண்டி, ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியது. ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது. மேற்கே வானம் அந்த மூன்றாவது கிளாஸ் நிறத்தில் இருந்தது. தண்ணீர் பாதி ஆற்றில் ஓடியது, பாதி மணல். யாரும் பார்க்கவில்லை, தோற்றாலும் யாருக்கும் தெரியாது என்று நான் பாட்டுக்கு மூச்சை இழுத்துக்கொண்டு வந்தேன்.

பாலத்து நடுவில் ஏதோ ஒன்று வந்தது. நூல் மாதிரி மெல்லிசாக. வந்தது, போனது, திரும்ப வந்தது.

"எங்கேயோ எரியறதுடா" என்றேன்.

டிரைவர் திடுக்கிட்டு வண்டியை ஓரம் கட்டினார். "வண்டிலயா சார்?" என்று இறங்கி, பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். சிநேகிதன் ஆற்றைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், சீட்டை மோந்து பார்த்தான். கடைசியில் என் பக்கம் சாய்ந்து என் உச்சந்தலையில் மூக்கை வைத்தான்.

"டேய், உன் மண்டைதான்டா நாறுது! அந்தப் புகைச் சரக்கு!"

அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். பாலத்தில் பஸ் போகிறது, ஜனம் பார்க்கிறது, எனக்கு ஒன்றும் கவலையில்லை. விஷயத்தை அவனிடம் சொன்னேன். அவன் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

"பதினோரு மாசமா எங்கிட்ட சொல்லலை இல்ல? போடா." அப்புறம் ஏதோ ஞாபகம் வந்து நிமிர்ந்தான். "அப்ப அந்த வைக்கோலு, வெல்லப்பாகு, பட்டுப்புடவை?"

"புருடா."

கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டிரைவர் எங்களை விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தலைக்குக் குளித்தேன். சோப்பு மணக்கவில்லை. துண்டு மணக்கவில்லை. அவ்வளவுதானா, ஒரே ஒரு தடவை வந்து ஏமாற்றிவிட்டுப் போய்விட்டதா என்று துவண்டுபோனேன். அவள் "எப்படி இருந்தது?" என்று கேட்டாள். "ஒண்ணும் பிரமாதமில்லை" என்றேன். என்னையே ஒரு நிமிஷம் பார்த்தாள், தயிர்சாதம் போட்டாள், படுத்துவிட்டோம்.

காலையில் ஆறு மணிக்கு வழக்கம்போல் டபரா டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றாள். வெளியே பால்காரர் மணி. ஜன்னல் வழியாக வந்த வெயில் ஆவிமேல் விழுந்து, ஆவி மெதுவாகச் சுருண்டு எழுந்துகொண்டிருந்தது. டம்ளரைத் தூக்கினேன். மூச்சு நிற்கப் பார்த்தது. விடாமல் இழுத்தேன்.

முகத்தில் அறைந்த மாதிரி வந்தது.

"என்னடி காப்பி இது!" என்று கத்தினேன். "தீஞ்ச நாத்தம் குடலைப் பிடுங்கறது! கரியை அரைச்சுப் போட்ட மாதிரி இருக்கு. எவன் வறுத்தான் இதை? யார் கடைப் பொடி?"

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வந்துடுத்தா?" என்றாள்.

"எது?"

"வாசனை. வந்துடுத்தா?"

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நம்ம கடைப் பொடிதான்" என்றாள். "நீங்க வறுத்ததுதான். காய்ச்சல் விட்டு எழுந்த வாரமே எனக்குத் தெரியும். அடுப்புல பால் பொங்கித் தீஞ்சு வீடு பூரா நாறித்து. நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிண்டிருந்தேள்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா கடையை மூடிடுவேளோன்னு பயம். நீங்களே சொல்லுவேள்னு பாத்தேன், சொல்லலை." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பொடி தீயறதேன்னு மொதல் மாசமே எல்லாரும் எங்கிட்ட வந்து கேட்டா. கோயில்ல பாத்துக் கேட்டா, கடைத்தெருவுல பாத்துக் கேட்டா. அவருக்கு வாசனை போயிடுத்து, தெரியாம சிரமப்படறார், காட்டிக்காதீங்கோ, கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்கோன்னு கேட்டுண்டேன். சரின்னுட்டா."

"யார் யாரெல்லாம்?"

"எல்லாரும்தான்."

நாலு வீதி ஜனமும் பதினோரு மாதமாகக் காலையில் எழுந்து என் கரியைக் குடித்திருக்கிறது. மறுபடி வந்து, கால் கிலோ, அரைக் கிலோ என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போயிருக்கிறது. நான் என்னவோ என் கண்ணும் காதும் பெரிய கெட்டிக்காரத்தனம் பண்ணுவதாக மிதப்பில் இருந்தேன். வெட்கமாக இருந்தது. அவர்கள் ஒவ்வொருவர் காலிலும் விழ வேண்டும் போல இருந்தது. அவள் காலில் முதலில்.

"தெனம் கார்த்தால டம்ளரைக் குடுத்துட்டு இங்கயே நின்னுண்டு உங்க மூஞ்சியையே பாப்பேன்" என்றாள். "இன்னிக்காவது திட்டமாட்டாரா, இன்னிக்காவது திட்டமாட்டாரான்னு. நீங்க பேசாம குடிச்சுட்டு எழுந்து போவேள்." கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்தது. "இன்னொரு தரம் திட்டுங்கோ."

டம்ளரை எடுத்தேன். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன்.

"சகிக்கலைடி" என்றேன்.